திருச்சபைத் தலைமையில் மகளிர்

(நமது சங்கத்தின் அரையாண்டுப் பொதுக்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



'கிறிஸ்தவத் திருச்சபைத் தலைமையில் மகளிர்' என்னும் பொருள்பற்றி யான் இன்று பேசுதல் வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, நம்மவருள் சிலர், "சாதிச் சங்கத்திற்கும் வேதக்கோயிற் காரியத்திற்கும் என்ன தொடர்பு?" என்று வினவினராம். நியாயமான வினாவே. அதற்கு விடை இரண்டு உண்டு. நம் குலத்தாருள் திருநீறு அணிவோரும் உளர். சிலுவை அணிவோரும் உளர். அண்ணன் சிவன் கோயிலுக்கும் தம்பி வேதக்கோயிலுக்கும் செல்லும் குடும்பங்கள் நம்முட் பல. ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவர்க்கு அயற்செய்தி ஆகாது. இஃது ஒரு விடை. மற்றொன்று, வரும் ஆண்டுக் கூட்டத்தில் நம் சங்க விதிகளைத் திருத்துந் தீர்மானம் ஒன்று வரவிருக்கின்றது. நிருவாகக் குழுவில் மகளிர்க்கும் இடம் வேண்டும் என்பது அத்தீர்மானம். அதனை எடையிடுமுன், இவ்வினாவையே நெடுங்காலம் வாதித்த ஒரு பெருங்கூட்டத்தாரின் அநுபவத்தை அறிந்துகொள்ளுதல் நமக்கு நன்மை பயக்கும்.

யான் வேதசாத்திரம் கற்றவன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆதலின் எனக்குப் பழக்கமான சொல்லாராய்ச்சியினின்றே தொடங்குகின்றேன்.

சொல்லும் பொருளும்

கிறிஸ்தவத் தமிழில் சபையை மேய்க்கும் குருவுக்கு 'ஆயர்' என்றும், பல ஆயர்க்குத் தலைவராயினார்க்குப் 'பேராயர்' அல்லது 'அத்தியட்சர்' என்றும் பெயர். ஆயர் என்பது ஆக்களை மேய்ப்போரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். 'அர்' ஈறு பெற்று நிற்றலின் அஃது ஆண்பாலையும் சுட்டாது, பெண்பாலையும் சுட்டாது. இருபாற்கும் பொதுவாய் நிற்கும். போதகர், குருவானவர் என்பனவும் அத்தகையனவே. எனவே தமிழிலக்கணம் பெண்ணொருத்தி ஆயராவதை ஒருநாளும் தடுத்ததில்லை.

வழக்கோ வேறுவிதமாய் நடந்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் குருவானவரை 'ஐயர்' என்றும், அவர் மனைவியாரை 'ஐயரம்மா' என்றும் அழைப்பர். பெண் ஒருத்தி தானே குருவாக நின்றால் அவளை என்னென்று அழைப்பது என்பதற்கு வழக்கில் ஒரு சொல்லும் இல்லை. இலக்கணத்தில் இடம் இருந்தது. ஊரார் மனத்தில் இடம் இல்லை. இதனை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

இனி, புதிய ஏற்பாட்டில் பவுலடிகள் உரோமையர்க்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தை நோக்குவோம். அதில் பெபேயாள் என்னும் அம்மையார் ஒருவர் முதற்கண் குறிக்கப்படுகின்றார். அவர் கெங்கிரேயா என்னும் துறைமுகப்பட்டினத்துச் சபையைச் சார்ந்தவர். மூலமாகிய கிரேக்கத்தில் அவர்க்கு வழங்கப்பட்ட பெயர் 'டியாக்கொனொஸ்' என்பது. பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் சபையின் அதிகாரிகளைக் குறிக்குமிடத்தும் அதே சொல்லே வருகின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பெபேயாளுக்கு 'ஊழியக்காரி' என்றும், பிலிப்பியிலுள்ள அதிகாரிகட்கு 'உதவிக்காரர்' என்றும் இருவேறு சொற்கள் இடப்பட்டன. மொழிபெயர்த்தோரைக் குறைகூறுதல் என் நோக்கம் அன்று. பவுலடிகள் தம்மைக் குறிக்குமிடத்தும் அக்கிரேக்கச் சொல்லை வழங்கியுள்ளார். ஆண்டும் தமிழில் 'ஊழியக்காரர்' என்றே உளது. ஆயினும் தமிழ் மட்டும் கற்ற ஒருவர், உதவிக்காரர் என்பது ஒரு பதவியின் பெயரென்றும், ஊழியக்காரி என்பது தொண்டு செய்யும் ஒரு பெண் என்றும் கொள்வதற்கு இடமாயிற்று. மூலத்தில் அவ்வேற்றுமை இல்லை.

அதே அதிகாரத்தில் அன்றோனீக்கு, யூனியா என்னும் இருவர் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவராகச் சொல்லப்படுகின்றனர். யூனியா என்பது உரோமாபுரியில் பெண்மக்கட்கு வழங்கிய பெயர். நான்காம் நூற்றாண்டிற் பிறந்த கிறிசோஸ்தம் என்னும் பேராசிரியர், இவ்வம்மையார் அப்போஸ்தலர் எனப் பெயர்பெறும் அளவிற்கு உயர்ந்தவர் என வியந்து போற்றியுள்ளார். பிற்காலத்தாரோ, பெண் அப்போஸ்தலராதல் கூடாது என்னும் எண்ணத்தால், அப்பெயரை ஆண்பெயராக்கி 'யூனியாஸ்' எனப் படித்தனர். பாடபேதத்தால் ஓர் அம்மையார் ஆடவராக்கப்பட்ட செய்தி இது! ஏடுகளைப் பரிசோதித்துப் பழகிய நமக்கு, எழுதுவோர் கருத்து எழுத்தில் ஏறுதல் புதிதன்று.

மறுப்போர் கூறுவன

ஒருபக்கத்து வழக்கை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுதல் முறையன்று. மகளிர் குருவாதல் கூடாது என்பார் மூன்று காரணங் காட்டுவர். பெண்கள் சபையிற் பேசாதிருத்தல் வேண்டும் என்று கொரிந்தியர்க்கும், பெண் உபதேசித்தலையும் ஆண்மேல் அதிகாரஞ் செலுத்துதலையும் ஒப்பேன் என்று தீமோத்தேயுவுக்கும் எழுதிய நிருபங்களில் காணப்படுதல் முதலாவது. இயேசுநாதர் தெரிந்துகொண்ட பன்னிருவரும் ஆடவராயிருத்தல் இரண்டாவது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் திருச்சபை அவ்வழியே நடந்து வந்திருத்தல் மூன்றாவது.

இவை எளிதில் தள்ளத்தக்கன அல்ல. உரோமன் கத்தோலிக்கத் திருச்சபையும் கீழைநாட்டு ஆர்த்தடாக்ஸ் சபைகளும் இன்றளவும் மகளிர்க்குக் குருப்பட்டம் அளிப்பதில்லை. 1994-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான்பால், குருப்பட்டம் அளிக்கும் அதிகாரம் திருச்சபைக்கே இல்லை என்று திருமுகம் விடுத்தார். நம்முள் கத்தோலிக்கராய் உள்ளோர் பலர். அவர்தம் மனச்சான்றை இகழ்ந்து ஒரு சொல்லும் யான் உரையேன். மேலும், குருப்பட்டம் வேறு, தலைமை வேறு என்பதை அத்திருச்சபையே காட்டுகின்றது. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கன்னியர் மடத்துத் தாய்மார் ஆண்டு நடத்துதலை நாம் கண்ணாரக் காண்கின்றோம். 1970-இல் சியன்னா நகரத்துக் கத்தரீனம்மாளும் அவிலா நகரத்துத் தெரேசம்மாளும் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் உயர்பட்டம் பெற்றனர். 2025 ஜனவரியில் வத்திக்கானின் பெருந்துறைகளுள் ஒன்றற்குத் தலைவராக, சிமோனா பிராம்பில்லா என்னும் கன்னியர் முதன்முதலாக நியமிக்கப்பெற்றார்.

மறுப்புக்கு மறுப்புரைப்போர் கூறுவதையும் கேட்போம். கொரிந்தியர்க்கு எழுதிய அதே நிருபத்தில், சில அதிகாரங்கட்கு முன்னரே, பெண்கள் சபையில் செபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் உரைக்கும்போதும் தலையை மூடிக்கொள்ளுதல் வேண்டும் என்று பவுலடிகள் விதிக்கின்றார். வாயே திறத்தல் கூடாதாயின், பேசும்போது முக்காடு இடவேண்டும் என விதிப்பானேன்? ஆதலின் பின்னர் வரும் தடை அவ்வூரில் நிகழ்ந்த ஏதோ ஒரு குழப்பம்பற்றியது என்ப. பன்னிருவரும் ஆடவர் என்னின், பன்னிருவரும் யூதர் அல்லரோ? யூதரல்லாதார் குருவாதல் கூடாது என எவருங் கூறவில்லையே! உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதலிற் கண்டு, அச்செய்தியைச் சீடர்க்கு அறிவிக்குமாறு அனுப்பப்பட்டவர் மகதலேனா மரியாள் என்னும் பெண்மணி அல்லரோ? இங்ஙனம் இருசாராரும் வேதத்தையே சான்றாகக் காட்டி வாதிட்டனர். வாதம் ஏட்டளவில் முடிந்ததில்லை. முடிவைத் தந்தவை நிகழ்ச்சிகளே. அவற்றுள் இரண்டனை மட்டும் ஈண்டு எடுத்துரைப்பேன். ஒன்று நம் நெல்லைச் சீமையில் நடந்தது. மற்றொன்று சீன தேசத்தில் நடந்தது.

பாளையங்கோட்டை அம்மையார்

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையினின்று பாளையங்கோட்டைக்கு ஒரு பிராமண விதவை வந்து சேர்ந்தார். ஆங்கிலப் படையதிகாரி ஒருவர் அவருக்குப் புகலளித்தார். கிறிஸ்து சமயத்தையும் அறிவித்தார். அவ்வதிகாரியோடு மணமின்றி வாழ்ந்த காலத்து அம்மையார் ஞானஸ்நானம் வேண்டியபோது, புகழ்பெற்ற சுவார்ச்சு ஐயர் மறுத்தனர். அவ்வதிகாரி இறந்தபின், 1778-இல் அந்த ஐயரே பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் அளித்துக் 'குளோரிந்தா' எனப் பெயரிட்டார். மாதவையா அவர்கள் 1915-இல் ஆங்கிலத்தில் இயற்றிய நவீனம் இவ்வம்மையாரின் வரலாற்றைத் தழுவியதே.

1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் குளோரிந்தாவின் பெயரே முதற்கண் நிற்கின்றது. திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டுத் திருச்சபையின் தொடக்கம் அப்பதிவேடே. அம்மையார் தம் பொருளைச் செலவிட்டும் பிறரிடம் நன்கொடை பெற்றும் கோயில் ஒன்று கட்டுவித்தார். 1785-இல் சுவார்ச்சு ஐயர் அதனைப் பிரதிட்டை செய்தார். அக்கோயிலை ஊரார் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே வழங்கினர். கட்டியவர் யார் என்பதை ஊர் மறக்கவில்லை. சபையைப் பேணுதற்கு உபதேசியார் வேண்டும் என்று அம்மையார் தஞ்சைக்கு விண்ணப்பஞ் செய்தார். அதன்பின் சத்தியநாதன் என்பார் அங்கு அமர்த்தப்பட்டு, 1790-இல் குருப்பட்டமும் பெற்றார்.

இவ்வரலாற்றை நோக்குங்கள். மக்களைக் கூட்டியவர் ஒரு பெண். கோயில் எடுத்தவர் ஒரு பெண். குருவைத் தேடிக் கொணர்வித்தவர் ஒரு பெண். இத்தனையுஞ் செய்தவர், தாம் எடுத்த கோயிலில் திருப்பீடத்தண்டை நின்று திருவிருந்து நடத்துதல் அக்காலத்து எவரும் நினைத்தும் பாராத செய்தி. பதிவேட்டின் முதலிடம் அவருக்கு. பீடத்தின் முதலிடம் பிறர்க்கு.

சீனத்து நங்கை

மற்றொரு நிகழ்ச்சி. 1907-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹாங்காங் நகரில் ஒரு பெண்மகவு பிறந்தது. பெண்பிள்ளை பிறந்தால் முகஞ்சுளிப்பது அந்நாட்டிலும் வழக்கம். தந்தையாரோ அக்குழந்தைக்கு 'மிக்க அன்புக்குரியாள்' என்னும் பொருளுடைய 'டிம் ஓய்' என்னும் பெயரை இட்டார். குடிப்பெயர் 'லீ'. வளர்ந்தபின் அந்நங்கை, செவிலியர் திலகமாகிய நைட்டிங்கேல் அம்மையாரை நினைந்து, 'புளோரன்சு' என்னும் பெயரையும் ஏற்றார். காண்டன் நகரில் வேதசாத்திரம் பயின்று, 1941-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பெண் உதவியூழியராக நியமனம் பெற்று, போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்த மக்காவ் தீபகற்பத்தில் தொண்டாற்றினார்.

அவ்வாண்டின் இறுதியில் ஹாங்காங் ஜப்பானியர் வசமாயிற்று. மக்காவோ போரில் கலவாத இடம். ஆதலின் அகதிகள் ஆயிரக்கணக்காக அங்குத் திரண்டனர். பசியும் பிணியும் பெருகின. இறந்தோரை அடக்கஞ் செய்தலும் குழந்தைகட்கு ஞானஸ்நானம் அளித்தலும் டிம் ஓய் அம்மையாரின் அன்றாட வேலையாயின. திருவிருந்து நடத்துதற்கு மட்டும் குருவானவர் ஒருவர் வெளியூரிலிருந்து வரவேண்டும். போர் முற்றியபின் அவரும் வர இயலாமற் போயிற்று. எனவே குருப்பட்டம் இன்றியே திருவிருந்து நடத்த அம்மையாருக்கு அநுமதி அளிக்கப்பட்டது.

அப்பொழுது ஹாங்காங் அத்தியட்சராய் இருந்தவர் ரொனால்டு ஹால் என்னும் ஆங்கிலேயர். அவர் மாதருரிமைக் கிளர்ச்சி செய்தவர் அல்லர். தம் பொறுப்பிலுள்ள மக்கள் திருவிருந்தின்றி வாடுதல் கூடாது என்பதே அவர் கவலை. பட்டமின்றி ஒருவரைக் குருவின் தொழில் செய்யவிடுதல் முறையன்று. அத்தொழிலுக்குரிய வரம் அவர்பால் விளங்கக் காண்கின்றோம். அவ்வாறாயின் அவ்வரத்திற்குரிய பட்டத்தை அளித்தலே முறை என அவர் துணிந்தார். 1944 ஜனவரி 25-ஆம் நாள், ஜப்பானியர் கைப்படாத சீன ஊர் ஒன்றில், டிம் ஓய் அம்மையாருக்குக் குருப்பட்டம் அளித்தார். பவுலடிகள் மனந்திரும்பியதைக் கொண்டாடும் திருநாள் அது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

போர் 1945-இல் முடிந்தது. செய்தி வெளிப்பட்டது, எதிர்ப்புக் கிளம்பிற்று. அத்தியட்சர் பதவி விலகவேண்டும், அல்லது அம்மையார் விலகவேண்டும் என்னும் நிலை வந்தது. 1946-இல் அம்மையார், தம் அத்தியட்சருக்குத் தம்மால் இடர் வருதல் கூடாதெனக் கருதி, குருத்துவப் பணிக்குரிய உரிமைப் பத்திரத்தைத் திரும்பக் கொடுத்தார். பெற்ற பட்டத்தையோ துறந்தார் அல்லர். இருபதாண்டுக் காலத்திற்குச் சோதனையாகவேனும் மகளிர்க்குக் குருப்பட்டம் அளிக்க இடந்தருமாறு சீனத்தார் கேட்டதை, 1948-இல் கூடிய இலாம்பெத்து மாநாடு ஏற்கவில்லை.

அதன்பின் அம்மையார் பட்டபாடு பெரிது. சீனத்தில் கோயில்கள் அடைபட்ட காலத்தில் அவர் பண்ணையிலும் ஆலையிலும் உழைத்தார். செங்காவலர் வற்புறுத்த, தம் குருவுடைகளைத் தம் கையாலேயே கத்தரிக்க நேர்ந்தது. முதுமையில் கனடா தேசத்திற் குடியேறி, மீண்டும் குருப்பணி ஆற்றினார். குருப்பட்டம் பெற்ற நாற்பதாம் ஆண்டு நிறைவு 1984-இல் இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்திற் கொண்டாடப்பட்டது. 1992 பிப்ரவரியில் டொராண்டோ நகரில் உயிர்துறந்தார்.

இதனுள் நாம் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. தட்டுப்பாடு வந்தபோது, "அம்மா, நீர் வந்து செய்யும்" என்றனர். தட்டுப்பாடு தீர்ந்தபோது, "இது முறையன்று, விலகும்" என்றனர். இடுக்கண் காலத்தில் தகுதியுடையவளாய் இருந்தவள், நல்ல காலம் வந்தவுடன் தகுதியற்றவளாயினது எங்ஙனம்? அவள் மாறவில்லை, நம் தேவையே மாறிற்று.

கதவு திறந்த வகை

பிற்பட்ட செய்திகளைச் சுருக்கிக் கூறுவேன். 1971-இல் கென்யா நாட்டு லிமுரு என்னுமிடத்தில் ஆங்கிலிக்கன் ஆலோசனைச் சங்கம் முதன்முறை கூடிற்று. ஓர் அத்தியட்சர் தம் மாகாணத்தின் ஒப்புதலோடு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளிப்பின் அதனை ஏற்கலாம் என 24 பேர் வாக்களித்தனர். 22 பேர் எதிர்த்தனர். அவ்வாண்டிலேயே ஹாங்காங்கில் இரு மகளிர் குருப்பட்டம் பெற்றனர். இங்கிலாந்துத் திருச்சபையில் 1992 நவம்பர் 11-ஆம் நாள் தீர்மானம் நிறைவேறியது. டிம் ஓய் அம்மையார் மறைந்து ஒன்பது திங்கள்கூட நிறையவில்லை. 1994 மார்ச்சு 12-ஆம் நாள் பிரிஸ்டல் பேராலயத்தில் 32 மகளிர் பட்டம் பெற்றனர். மகளிர் அத்தியட்சராதல் பற்றிய தீர்மானம் 2012-இல் பொதுமக்கள் அவையிற் சில வாக்குக் குறைவால் தோற்று, 2014-இல் வென்றது. 2015 ஜனவரியில் லிபி லேன் என்பார் அத்திருச்சபையின் முதற் பெண் அத்தியட்சராயினார். 2025 அக்டோபரில், சேரா மல்லாலி என்னும் அம்மையார் காண்டர்பரிப் பேரத்தியட்சர் பதவிக்கு அறிவிக்கப்பெற்றார். அவர்க்கு முன் அப்பீடத்தில் அமர்ந்த 105 பேரும் ஆடவர். இவ்வம்மையார் இளமையிற் செவிலியராய்ப் பணிசெய்து, இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரியாய் விளங்கியவர்.

நம் நாட்டில், 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னைச் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபை, 1976-இல் முதன்முதலாகப் பெண்ணொருவர்க்குக் குருப்பட்டம் அளித்தது. 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் அத்தியட்சாதீனத்தின் பேராயரானார். அத்திருச்சபையில் பேராயர் பதவி பெற்ற முதற் பெண்மணி அவரே. குளோரிந்தாவின் பெயர் முதற்கண் எழுதப்பட்ட 1780-க்கும், முதற் பெண் குருவைக் கண்ட 1976-க்கும் இடையே 196 ஆண்டுகள் கழிந்தன. 'ஆயர்' என்னும் சொல் அத்தனை ஆண்டும் பொதுப்பாலாகவே நின்றது. அதன் பொதுமை ஒருவருக்கும் உதவவில்லை.

வெற்றி முழுமையாயிற்று என்று யான் கூறவில்லை. தீர்மானம் நிறைவேறிய சபைகளிலும், பெண் குருவானவர் கையால் திருவிருந்து ஏற்க மனம் ஒவ்வாதார் உளர். எனினும், மகளிர் பீடத்தில் நின்றமையால் எந்தச் சபையும் இடிந்து விழவில்லை.

நம் சங்கமும் நாமும்

இனி நம் காரியத்திற்கு வருவோம். நம் சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். "மகமை செலுத்தும் குடும்பத்தலைவன் ஒவ்வொருவனும் வாக்குரிமை உடையவன்" என்பது மூன்றாம் விதி. 'தலைவன்' என்பது ஆண்பால் ஒருமை. கணவனை இழந்து, கடையைத் தாமே நடத்தி, மகமையைத் தவறாமற் செலுத்தும் தாய்மார் நம் ஊரில் பலர் உளர். அவர்தம் பணம் நம் பேரேட்டில் வரவாகின்றது. அவர்தம் பெயரோ வாக்காளர் பட்டியலில் வருவதில்லை. பாப்பாத்தியம்மாள் பொருள் கோயிலுக்கு, பீடம் பிறர்க்கு. அவ்வரலாறு நம்மிடத்தும் நிகழ்கின்றது.

மற்றொன்றையும் நினைவூட்டுவேன். நம் மாணவர் விடுதி கட்டப் பொருள் போதாதபோது, வீடுதோறும் அடுப்படியில் ஒரு கலயம் வைத்து, உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துச் சேர்த்தவர் யார்? நம் தாய்மார். வேதக்கோயிலைச் சார்ந்த நம் சகோதரிகளும் அவ்வாறே தம் கோயிலுக்குப் பிடியரிசி சேர்த்தவர்கள். ஆதலின் இத்தொண்டில் இரு சாராரும் ஒருகையாய் நின்றனர். விடுதி எழும்பிற்று. திறப்பு விழாவில் அவர்கள் பின்வரிசையில் அமர்ந்திருந்தனர். விடுதிக் கணக்கை அவர்கள்முன் ஒருநாளும் படித்ததில்லை. தட்டுப்பாட்டில் அழைத்து, நிறைவில் விலக்கும் அவ்வழக்கு மக்காவுக்கு மட்டும் உரியதா?

எதிர்ப்போர் கூறும் தடைகளையும் பார்ப்போம். "பெண்கள் கேட்கவில்லையே" என்பர். டிம் ஓய் அம்மையாரும் கிளர்ச்சி செய்து பட்டம் பெற்றவர் அல்லர். தகுதியைக் கண்டவர் கொடுத்தார். உரிமையைக் கேட்டவர்க்கே கொடுப்போம் என்பது, கூச்சமுடையார் பங்கைக் கூச்சமில்லாதார் உண்பதற்கே வழி. "நம் பெரியோர் வகுத்த விதியை மாற்றலாமோ?" என்பர். திருச்சபையார் தம் விதியைத் தெய்வம் வகுத்தது என நம்புவோர். அதனால் அவர்கள் தயங்கியதற்கும், இன்றும் ஒருசாரார் தயங்குவதற்கும் நியாயம் உண்டு. நம் விதியோ இவ்வூரில் நம் பாட்டன்மார் கூடி எழுதி, அச்சிட்டு, கையொப்பமிட்டது. அவர்களே இருமுறை திருத்தியும் உள்ளனர். தெய்வத்தின்மேல் பாரத்தைச் சுமத்த நமக்கு வழியில்லை. "கூட்டம் இரவில் நடக்கின்றது, பெண்கள் எங்ஙனம் வருவர்?" என்பர். கூட்டத்தைப் பகலில் நடத்துவோம்! அதற்கு எந்த விதியையும் திருத்த வேண்டுவதில்லை.

"மாதர் பிரிவு ஒன்று தனியே வைத்து விடுவோம், அது போதும்" என்று நல்லெண்ணத்தோடு சிலர் கூறுகின்றனர். மாதர் பிரிவு நல்லதே. ஆனால் திருச்சபையில் பெண்கள் சங்கங்கள் பலகாலமாகவே நடந்து வந்தன. அவை பள்ளி நடத்தின, பொருள் சேர்த்தன, நோயாளரைப் பேணின. சபையின் பணத்தையும் நிலத்தையும் பற்றி முடிவு செய்யும் அவை வேறாகவே இருந்தது. முடிவு செய்யும் இடத்தில் இருக்கை இல்லாதவர்க்கு, வேறிடத்தில் எத்துணை இருக்கைகள் இட்டாலும் அது தலைமை ஆகாது.

எனவே யான் இச்சபையின்முன் வைக்கும் வேண்டுகோள் மூன்று. மூன்றாம் விதியில் 'குடும்பத்தலைவன்' என்பதைக் 'குடும்பத்தலைவர்' எனத் திருத்துக. 'ன்' போய் 'ர்' வருதல் சிறு மாற்றமே. ஆயினும் பொதுச்சொல் மட்டும் போதாது என்பதை 'ஆயர்' என்னும் சொல்லின் வரலாற்றில் கண்டோம். ஆதலின், "ஆடவராயினும் மகளிராயினும்" என்னும் தொடரையும் விதியில் வெளிப்படையாகச் சேர்த்திடுக. இஃது ஒன்று. நிருவாகக் குழுவின் பதினைந்து இடங்களுள் ஐந்தை மகளிர்க்கு ஒதுக்குக. அவ்வைவரைத் தெரிந்தெடுக்கும் வாக்கு உறுப்பினர் அனைவர்க்கும் உரியதாகுக. இஃது இரண்டு. விடுதிக் கணக்கையும் மகமைக் கணக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை தாய்மாரும் அமர்ந்திருக்கும் பகற்கூட்டத்தில் படித்துக் காட்டுக. அவர்கள் வினவினால் விடை கூறுக. இது மூன்று.

இத்தீர்மானம் தோற்றால் என்னாகும் என ஒருவர் என்னைக் கேட்டார். இங்கிலாந்தில் 2012-இல் தோற்று 2014-இல் வென்றதைச் சொன்னேன். ஆயினும் திருச்சபையார்க்கு ஆன காலம் நமக்கும் ஆகவேண்டும் என்பது நியதி அன்று. நம் பெண்மக்கள் இன்று கல்லூரியிற் கற்கின்றனர்; மருத்துவராயும் வழக்கறிஞராயும் ஆசிரியராயும் விளங்குகின்றனர். தங்களை மதியாத சங்கத்தை அவர்கள் எதிர்த்துப் போராடமாட்டார்கள், மறந்துவிடுவார்கள். வீட்டின் மகமைக் கணக்கை எழுதும் கை அவர்களுடையது. அக்கை ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிடின், பெயர்ப்பலகை மட்டும் நமக்கு எஞ்சும். எனக்குள்ள அச்சம் அதுவே.

பெரியோர்களே! பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாரை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவருள் யார் கணக்கில் வல்லவர், யார் வழக்குத் தீர்ப்பதில் வல்லவர், யார் சொல்லுக்குத் தெரு அடங்கும் என்பது நாம் ஒவ்வொருவரும் அறிந்ததே. தகுதி யார்பால் உளது என்று நாம் இனித் தேடவேண்டுவதில்லை. உள்ள தகுதிக்கு உரிய இடத்தைக் கொடுப்பதே எஞ்சியுள்ளது. வரும் ஆண்டுக் கூட்டத்தில் நும் வாக்கை அதற்கு அளிப்பீராக.